ஒரு துவக்கின் முன்கட்டையும் 1916ஆம் ஆண்டுச் சட்டமும்

எங்கள் வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் கழிந்த பின், 2012இல், கல்முனைக்குடியிலிருந்த பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்தோம். கைமரத்துக்கும் சுவருக்கும் இடையில் சொருகிக் கிடந்த ஒரு பிஸ்கட் தகரம் மேசனின் கையில் அகப்பட்டது. உள்ளே பழைய சாரத் துண்டில் சுற்றிய ஒரு மரக்கட்டை. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம். மேற்பக்கம் இரட்டை வாய்க்காலாகக் குழிந்திருந்தது. அடிப்பக்கம் உள்ளங்கையில் அமரும்படி உருண்டிருந்தது. ஒரு நுனியில் இரும்பு பதித்திருந்தார்கள். எண்ணெய் காய்ந்து பிசினாகிப் போன அந்த இரும்பைத் துடைத்தபோது ஐந்து இலக்கங்கள் தெரிந்தன.

மேசனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. எனக்குக் கண்ட மாத்திரத்திலேயே விளங்கிவிட்டது. வாப்பாவின் இரட்டைக் குழல் துவக்கின் முன்கட்டை அது.

அன்றிரவு, சட்டத்தரணியாகத் தொழில் பார்க்கும் உறவுக்காரத் தம்பி ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் கையில் வாங்கவேயில்லை. "கடல்ல போட்டுருங்க காக்கா. இது துவக்குத்தான்" என்றார். "துவக்கில்லையே தம்பி, துவக்கிலிருந்து கழன்ற ஒரு துண்டுதானே" என்றேன். "சட்டத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

ஒரு துண்டு மரமும் இரும்பும் எப்படி ஒரு முழுத் துவக்காகும்? அந்தக் கேள்வி என்னைப் பல வருடங்கள் பல புத்தகங்களுக்குள் இழுத்துச் சென்றது. அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துவக்கு என்ற சொல்லையே நான் பயன்படுத்துகிறேன். தமிழகத்து நண்பர்கள் துப்பாக்கி என்பார்கள். துருக்கியரின் 'துஃபெக்' கடல் கடந்தும் கரை கடந்தும் வந்து எடுத்த உருவங்கள்தாம் இரண்டும். சிங்களத்தின் 'துவக்குவ'வும் அந்தக் குடும்பத்ததே. எங்கள் வட்டைகளில் அதற்கு வகைகளும் உண்டு. குழல் வாயால் மருந்திட்டு இடித்துக் கெட்டிப்பது இடியன். தோட்டா போடுவது ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல். ஆளில்லாமல் கம்பி இழுபட்டு வெடிப்பது கட்டுத்துவக்கு. இந்தக் கடைசி வகை எக்காலத்திலும் களவுதான். பன்றிக்கென்று கட்டியது மாட்டையும் மனிதனையும் யானையையும் வீழ்த்திய கதைகள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

வாப்பாவுக்கு இறக்காமத்துக்கு அப்பால் கொஞ்சம் வயல் இருந்தது. கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து சூடு வைக்கும்வரை பரணில் காவல் இருக்க வேண்டும். துவக்கு அங்கே பெரும்பாலும் சத்தம் வைப்பதற்குத்தான் உதவியது. வானத்தை நோக்கி ஒரு வெடி. பன்றிக் கூட்டம் அடுத்தவனின் வரவைக்குப் போய்விடும். அடுத்தவன் ஒரு வெடி வைப்பான். அது திரும்பி வரும். இதற்கு விவசாயப் பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரம் ஒன்று இருந்தது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை மட்டக்களப்புக் கச்சேரி. பிறகு அம்பாறைக் கச்சேரி. பெருநாளைக்கு உடுப்பதுபோல் வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வாப்பா அதற்குப் புறப்பட்டுப் போவது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பத்திரத்துக்கு ஆதாரமான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நம் சமூகம் மறக்க முடியாத 1915 கலவரத்துக்கு மறு வருடம் வந்த சட்டம் அது. ஒன்று மற்றொன்றால் விளைந்தது என்று நான் சொல்ல வரவில்லை; வருடத்தை மாத்திரம் குறிக்கிறேன். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையிலுள்ள அச்சட்டத்தின் பொருள்கோடல் பிரிவில், குழலுள்ள, குண்டோ சன்னமோ வெளியேற்றக்கூடிய எந்த ஆயுதமும் துவக்கு என்று சொல்லப்படுகிறது. அதோடு நிற்கவில்லை. அப்படியான ஆயுதமொன்றின் ஆக்கக்கூறு எதுவாயினும் அதுவும் துவக்கு என்பதில் அடங்கும். தம்பி சொன்னது சரி. எழுத்தெழுத்தாக வாசித்தால் எங்கள் வீட்டு முகட்டில் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒரு துவக்கு இருந்திருக்கிறது.

ஒரு வண்டியின் சில்லை யாரும் வண்டி என்பதில்லை. துவக்குக்கு மட்டும் ஏன் இந்த விதி? இதற்கு விடை தேடப் போனால் கண்டியிலிருந்து தொடங்குவது நல்லது.

கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் செய்த துவக்குகளைக் கொழும்பு நூதனசாலையில் பார்த்திருப்பீர்கள். தந்தமும் வெள்ளியும் இழைத்தவை. பொறியமைப்புப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். உலகில் வேறெங்கும் இப்படிக் காண்பது அரிது. ஒவ்வொன்றும் ஒரு கொல்லனின் கைவேலை. ஒன்றின் விசையை எடுத்து மற்றொன்றில் மாட்ட முடியாது, ஆணிகூடப் பொருந்தாது. அப்படியான உலகத்தில் கழன்ற உறுப்பு வெறும் இரும்புதான். முழுத் துவக்கை மட்டும் அரசன் கணக்கெடுத்தால் போதும். ஐரோப்பாவிலும் அன்றைய நிலை இதுவே.

இதை மாற்றியவர்களில் முதல்வராகப் பேசப்படுபவர் ஒனொரே பிளாங் என்ற பிரெஞ்சுக்காரர். 1785இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் இவரது பட்டறைக்குப் போனார். ஐம்பது துவக்குகளின் விசைப் பொறிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி அறைவாரியாக வைத்திருந்தார் பிளாங். கைக்கு வந்த துண்டுகளை எடுத்து ஜெபர்சன் தாமே பொருத்திப் பார்த்தார், எல்லாம் பொருந்தின. அவ்வருடம் ஓகஸ்ட் 30ஆம் திகதி அவர் இதை ஊருக்கு எழுதி அனுப்பினார். பிறகு அமெரிக்காவில் ஈலை விட்னி 1798இல் பத்தாயிரம் துவக்குகள் செய்து தருவதாக ஒப்பந்தம் எழுதி, 1801இல் தலைநகரில் இப்படியொரு வித்தையைக் காட்டிப் பெயர் வாங்கினார். இரண்டு வருடத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை 1809வரை இழுபட்டது. அவர் துவக்குகளைப் பிற்காலத்தில் கழற்றிப் பார்த்தவர்கள் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கண்டார்கள். பாடப்புத்தகத்தில் மட்டும் விட்னியின் பெயர் நிலைத்துவிட்டது! உண்மையாகவே பொருந்தும் உறுப்புகளை 1820களில் ஹார்ப்பர்ஸ் பெரியில் ஜோன் ஹோல் என்பவர் செய்து காட்டினார். 1850களில் ஆங்கிலேயர் அந்த அமெரிக்க யந்திரங்களை விலைக்கு வாங்கி என்பீல்டில் நிறுவினார்கள். 1857இல் பன்றிக் கொழுப்பும் பசுக் கொழுப்பும் பூசிய தோட்டா என்ற வதந்தியோடு வடஇந்தியா பற்றியெரிந்ததே, அது என்பீல்டின் பெயர் தாங்கிய துவக்குக்குரிய தோட்டாதான்.

யந்திரம் வந்த பிறகு கழன்ற உறுப்பு வெறும் இரும்பாக இருக்கவில்லை. பத்துப் பேர் பத்து உறுப்புகளைத் தனித்தனியாகக் கடத்தி, ஓரிடத்தில் கூடி ஒரு துவக்காக்கிவிடலாம். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தியாவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதங்களின் பாகங்களையும் ஆயுதம் என்றே சொன்னது. முதலாம் உலகப் போர் முடிந்து 1920இல் பிரித்தானியர் தம் நாட்டுக்கு எழுதிய சட்டத்தில் 'அதன் எந்தப் பாகமும்' என்ற சொற்கள் வந்தன. 1937இல் அவை 'ஆக்கக்கூறு' என்று மாறின. நம் கட்டளைச் சட்டத்தின் வாசகமும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு முரண் தட்டுப்படுகிறது. எங்கள் வாப்பாவின் துவக்கு பேர்மிங்ஹாமில் செய்த பழைய இரட்டைக் குழல். அந்த வகைத் துவக்குகளை என்பீல்டு யந்திரம் செய்யவில்லை. அரத்தோடும் புகைக்கரியோடும் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பையும் மற்றதோடு உராய்த்து உராய்த்துப் பொருத்தினார்கள். அதனால்தான் குழலிலும் உடலிலும் முன்கட்டை இரும்பிலும் ஒரே இலக்கத்தை வெட்டினார்கள். இந்த முன்கட்டை அந்தத் துவக்குக்கு மாத்திரம் உரியது, வேறெதற்கும் சரிவராது என்பதற்கான அடையாளம் அந்த இலக்கம். உறுப்பு மாற்றிப் போடக்கூடிய படைத்துவக்குக்குப் பயந்து எழுதிய விதி, உறுப்பு மாற்ற முடியாத கமக்காரன் துவக்கின் மேல் வந்து விழுகிறது.

முன்கட்டை என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் மடியும் இத்துவக்கைப் பிரிக்கத் திருப்புளி எதுவும் வேண்டாம். முன்கட்டையைக் கழற்றினால் குழல் கொளுக்கியிலிருந்து தானாக விடுபடும். குழல், சோங்கோடு கூடிய உடல், முன்கட்டை என மூன்று துண்டு. முன்கட்டை இல்லாமலும் சுடலாம்தான். ஆனால் தோட்டா மாற்ற மடிக்கும்போது குழல் கழன்று கையோடு வரும். சுடுகிறவனின் விரல் சூட்டுக் குழலில்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஆயுதம் தூக்கிய இளைஞர்கள் லைசன்ஸ் துவக்குகளைத் தேடி வீடு வீடாக வரத் தொடங்கினார்கள். 1971 ஏப்ரலில் தெற்கில் நடந்ததை வானொலியில் கேட்டிருந்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. துவக்கு வைத்திருந்தவர்கள் அதை மூன்றாகப் பிரித்து ஒளித்தார்கள். எங்கள் வீட்டில் குழல் நெல் மூடைகளுக்கடியில், சோங்கு வாடியில், முன்கட்டை முகட்டில். சட்டத்தின் கண்ணால் பார்த்தால் வாப்பா ஒரு துவக்கை மூன்று துவக்குகளாகப் பெருக்கியிருக்கிறார். அனுமதிப்பத்திரம் உயிரோடிருந்த வரைக்கும் அதில் குற்றமில்லை.

பிறகு, துவக்குகளைப் பொலிசில் ஒப்படையுங்கள் என்றார்கள். வாப்பா குழலையும் சோங்கையும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு துண்டு வாங்கி வந்தார். முன்கட்டையை ஏன் கொண்டு போகவில்லை? மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? அவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. வருடத்துக்கு ஒரு நாள்கூடப் பத்திரம் பிந்தவிடாத மனிதர் அவர். மறந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தன் துவக்கை வேறு யாரும் சரிவரச் சுடக்கூடாது என்று நினைத்தார் என்பதே என் ஊகம். எண்பதுகளில் நம் வீடுகளில் எத்தனையோ காரியங்கள் இப்படிப் பேச்சில்லாமல் நடந்தன.

1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் பல புலிகளிடம் வீழ்ந்தன. சரணடைந்த பொலிசாரில் 600க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் ஏறாவூரும். அவற்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியவர்கள் உண்டு. நான் திரும்பவும் எழுதப் போவதில்லை. பொலிசில் ஒப்படைத்த கமக்காரர் துவக்குகள் என்னவாயின என்ற கேள்வியை அந்த நாளில் யார் கேட்பார்கள்? அதே மாதங்களில் அரசு எங்கள் ஊர்ப் பொடியன்மாரை ஊர்காவல் படையில் சேர்த்துக் கையில் சொட்கண் கொடுத்தது. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த படை அது. 2006இல் சிவில் பாதுகாப்புப் படையாகப் பெயர் மாறியது. பன்றிக்குச் சுடத் துவக்கில்லாத வட்டையில் மனிதனுக்குக் காவல் நிற்கத் துவக்கு வந்து சேர்ந்தது.

மிச்சத்தை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் முடித்து வைத்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கடற்கரைப் பள்ளிப் பக்கம் நின்றவர்களில் எத்தனை பேரை இழந்தோம். எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் வந்து போனது. அலுமாரியிலிருந்த காணி உறுதிகள், பிறப்புச் சான்றுகள், பழைய துவக்கு லைசன்ஸ், பொலிஸ் தந்த துண்டு எல்லாம் சேறாயின. முகட்டிலிருந்த தகரத்தைத் தண்ணீர் தொடவில்லை. சட்டபூர்வமானது என்று காட்டும் தாள்கள் போயின. சட்டத்தின் கண்ணில் துவக்கான அந்தத் துண்டு தங்கிவிட்டது.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தன என்று தேடினேன். அமெரிக்கர்கள் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். துவக்கின் உறுப்புகளில் உடற்சட்டம் ஒன்றே துவக்கு. குழல், சோங்கு, விசை எல்லாம் கடையில் சாதாரணச் சாமான். எங்கள் முன்கட்டை அங்கே ஒரு மேசைக்கால் மாதிரி. இதிலும் வழக்குகள் ஓயவில்லை. 1985இல் தொம்சன் சென்டர் என்ற கம்பனி ஒரு கைத்துவக்கோடு 21 அங்குலக் குழலும் தோளில் வைக்கும் சோங்கும் சேர்த்து ஒரு பெட்டியாக விற்றது. நீளக் குழலும் சோங்கும் மாட்டினால் சட்டப்படியான ரைபிள். குட்டைக் குழலை விட்டுவிட்டுச் சோங்கை மட்டும் மாட்டினால் 1934ஆம் ஆண்டுச் சட்டம் வரி விதித்த குட்டை ரைபிள். யாரும் மாட்டவில்லை, பெட்டியில் இரண்டுக்கும் வழி இருந்தது, அவ்வளவுதான். அரசு 200 டொலர் வரி கேட்டது. கம்பனி கட்டிவிட்டு வழக்குப் போட்டது. 1992இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கம்பனியின் பக்கம் தீர்த்தது. உறுப்புகளுக்கு நேர்மையான உபயோகம் ஒன்று இருக்கும்போது, சட்டத்தின் வாசகம் தெளிவில்லையென்றால் சந்தேகத்தின் பலன் குடிமகனுக்கே என்பது அதன் சாரம். எனக்குப் பிடித்த தீர்ப்பு. ஆனால் 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், வீட்டில் பொருத்தத் தயாராக விற்கப்படும் இலக்கமில்லாத துவக்குப் பெட்டிகளில் சிலவற்றையேனும் துவக்கு என்றே கணக்கிடலாம் என்று ஏழுக்கு இரண்டாகத் தீர்த்தது. அதையும் நான் குறை சொல்லமாட்டேன். துவக்கால் அழிந்த ஊர்க்காரன் நான்.

நமக்குச் சட்டம் தந்த பிரித்தானியரோ 2017இல் தங்கள் வாசகத்தைச் செப்பனிட்டுக்கொண்டார்கள். ஆக்கக்கூறு என்றால் என்னவென்று பட்டியல் போட்டுவிட்டார்கள்: குழல், தோட்டா அறை, உருளை, உடற்சட்டம், அறையின் பின்புறம் வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் அடைப்பு. சோங்கோ முன்கட்டையோ அந்தப் பட்டியலில் இல்லை. வெடியைத் தாங்காத உறுப்பு துவக்காகாது என்பது அதன் நியாயம்.

நம் நாட்டில் திருத்தம் வேறு திசையில் போனது. போர்க்காலத்தில், 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைகளைக் கூட்டியது. அனுமதியில்லாமல் தானியங்கித் துவக்கு வைத்திருந்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம். ரி 56 குவிந்து கிடந்த காலத்தில் அது வேண்டியிருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தண்டனையைக் கனமாக்கியவர்கள் வரைவிலக்கணத்தையும் கூர்மையாக்கியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். துருப்பிடித்த ஒரு குழலோடு பிடிபட்டவனுக்கும் ஒரு திருகாணியோடு பிடிபட்டவனுக்கும் எங்கே கோடு கிழிப்பது? அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையும் நீதவானின் மனமும்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அறிக்கை வரும்வரை ஆள் எங்கே இருப்பான் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதிலும் பெயர் நம் பெயராக இருந்துவிட்டால், 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில் அடுப்படிக் கத்திக்கே பதில் சொன்னவர்கள் நாம்.

முன்கட்டையைக் கடலில் போடத் தம்பி சொன்னது அந்தப் பயத்தில்தான். என்னால் முடியவில்லை. வாப்பாவின் சொத்தைப் பங்கிட்டபோது அதை யாருடைய பங்கிலும் சேர்க்கவுமில்லை. இரண்டு நாள் தகரத்தோடு யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு கடிதம் எழுதி, தம்பியையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம்.

கடமையிலிருந்த உத்தியோகத்தர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகத்தில் என்னவென்று பதிவது என்று உள்ளே போய்க் கேட்டு வந்தார். இலக்கத்தை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். லைசன்ஸ் கேட்டார், கடலில் போனதைச் சொன்னேன். துவக்குப் பகுதி ஒன்று என்று சிங்களத்தில் எழுதினார். பேனையை வைத்துவிட்டு, கோபமில்லாமல், நல்ல தமிழில் கேட்டார்:

"மிச்சம் எங்க ஐயா?"

"மிச்சத்த 1990க்கு முந்தியே வாப்பா பொலிசிலதான் ஒப்படைச்சார்" என்றேன். தம்பி என் காலை மிதித்தார். உத்தியோகத்தர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

2024 நவம்பரில், தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டபோது, பழக்கதோசத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இருந்தது. வாப்பாவின் ஐந்து இலக்கங்கள் இப்போது அதில் மாத்திரம் இருக்கின்றன.